வெந்நீர்ச் சம்பளம்

சலவைக்கடைக்காரியின் மகளுக்கு வீட்டில் வக்கீலு என்றுதான் பெயர். பேசத் தொடங்கிய நாளிலிருந்து எதிர்க்கேள்வி போடாமல் ஒரு வாய் சாப்பாடு உள்ளே இறங்கியதில்லை அவளுக்கு. கிண்டலுக்கு வைத்த பெயர்தான். ஆனால் பெரிய வகுப்புக்கு வந்ததும் அவளே, "ஆமா, வக்கீலுக்குத்தான் படிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். அம்மாக்காரிக்கு அன்று தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் டோக்கனோடு சேர்த்து அந்தச் செய்தியையும் கொடுத்தனுப்பினாள். அந்தச் சந்தோஷ இரைச்சலில், லத்தீன் என்ற ஒரு சங்கதி பூனை மாதிரி வீட்டுக்குள் நுழைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் சாதா லத்தீன், உயர்தர லத்தீன் என்று இரண்டு இருந்தன. சட்டம் படிக்கிறவர்களுக்கு லத்தீன் நல்லது என்று யாரோ சொல்லப்போக, வக்கீலு நேரே உயர்தரத்தில் போய் உட்கார்ந்தாள். சாதாவில் உட்கார்ந்தால் அவள் வக்கீலு இல்லையே. கூடச் சேர்ந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தராக நழுவி வேறு பாடத்துக்கு ஓடிப்போனார்கள். இவள் மட்டும் வீம்புக்கு இருந்தாள். கடைசி வருஷம் தொடங்கும்போது பாடம் நடத்தின ஆசிரியைக்குக் குழந்தை பிறந்தது. பிள்ளையோடு புருஷன் ஊருக்குப் போன ஆசிரியை போனவர்தான், திரும்பவில்லை. ஒரே ஒரு பிள்ளைக்காக இன்னொரு ஆளைப் போட முடியாது என்று தலைமையாசிரியை கையை விரித்துவிட்டார்.

"அப்ப அந்தப் பாடத்தை விட்டுட்டு வேற எதையாவது எழுதட்டுமே" என்றாள் கடைக்காரி.

"பரீட்சைக்குப் பேரெல்லாம் அனுப்பியாச்சும்மா. இனிமே மாத்த முடியாது. லத்தீன்ல தவறினா மொத்த வருஷமும் போச்சு, சட்டக் கல்லூரி இடமும் போச்சு. வெளிய யாரையாவது டியூஷனுக்குப் பிடிங்க."

"கணக்குன்னா தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. லத்தீனுக்கு நான் எங்க போவேன்?"

"தேடிப் பாருங்க" என்றார் தலைமையாசிரியை. அதோடு பேச்சு முடிந்தது.

தேடினாள். சலவைக்கடைக்காரிக்குத் தெரியாத ஆள் கிடையாது. ஊர் அழுக்கு அத்தனையும் அவள் கைவழியாகத்தானே போகிறது. முதலில் மருந்துக்கடைக்காரரைப் பிடித்தாள். மருந்துப் பெயரெல்லாம் லத்தீன்தானாமே என்றாள். "பேரைப் படிப்பேன், டப்பாவை எடுத்துக் குடுப்பேன். அதுக்கு மேல கேட்டீங்கன்னா எனக்கே மாத்திரை வேணும்" என்றார் அவர். மாதாகோயில் பாதிரியார் அங்கியைக் கொடுக்க வந்தபோது அவரையும் விடவில்லை. "சின்ன வயசுல மனப்பாடம் பண்ணினதும்மா. இப்ப போய் அர்த்தம் கேட்டு என்னை மாட்டி விடாதே" என்று சிரித்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டரில் பாடம் நடத்துகிற ஒருத்தர் தூரதேசத்தில் கிடைத்தார். அவருக்குத் தோதான நேரத்தில்தான் இங்கே பிழியும் மெஷின் ஓடும். "உங்கள் வீட்டுக்குள் ரயில் போகிறதா?" என்று கேட்டவர், அடுத்த வகுப்புக்கு வரவேயில்லை.

வக்கீலு நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்து கிடந்தது. எதிர்க்கேள்வி நின்றுபோயிருந்தது. அதைப் பார்த்துத்தான் அம்மாக்காரி கவுண்டருக்கு வந்த ஒவ்வொருத்தரிடமும் மறுபடி விசாரித்தாள்.

கடைசியில் நிஜ வக்கீல் ஒருவர்தான் வழி காட்டினார். கறுப்பு அங்கியைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "என் அடுத்த வீட்டுக்காரரோட தங்கச்சி இருக்காங்க. கன்னியர் மடத்துல ரொம்ப வருஷம் இருந்தாங்க. என்னமோ ஒத்துவரலன்னு வெளிய வந்துட்டாங்க. லத்தீன் தண்ணிபட்ட பாடு. அண்ணன் வீட்டோட இருக்காங்க. நல்லவங்கதான், ஆனா கொஞ்சம்..." என்று இழுத்தார்.

அந்த இழுப்பைக் கடைக்காரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு இருந்த நிலைமையில் தலையில் கொம்பு முளைத்த ஆளாக இருந்தாலும் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருப்பாள்.

டீச்சர் மழையோடு வந்தார். மெலிந்த உடம்பு, காதோரம் நரை, கையில் ஒரு கம்பி முறிந்த குடை. முன்பக்கம் கவுண்டர், அதற்குப் பின்னால் மெஷினும் இஸ்திரி மேஜைகளும், அதையும் தாண்டினால் ஒரே ஒரு அறை, அதன் ஓரத்தில் அடுப்படி, பாய்லர் சுவரை ஒட்டினாற்போல குளியலறை. இதுதான் கடை, இதுதான் வீடு. மகளோடு கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினார் டீச்சர். ஏதோ ஒரு தளபதி படையோடு ஆற்றைக் கடக்கிற கதையாம். ஒரு பக்கம் முடிவதற்குள் வக்கீலு, "அது எப்படி மிஸ்?" என்று மல்லுக்கு நின்றாள். இஸ்திரி மேஜையிலிருந்த அம்மாக்காரிக்கு அந்தக் குரலைக் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது.

பாடம் முடிந்ததும், "சம்பளம் எவ்வளவுன்னு சொல்லிட்டீங்கன்னா..." என்று ஆரம்பித்தாள்.

டீச்சரின் கண் குளியலறைப் பக்கம் போயிருந்தது. கதவிடுக்கில் ஆவி கசிந்துகொண்டிருந்தது.

"அங்க எப்பவும் வெந்நீர் வருமா அக்கா?"

"பாய்லர் ஓடுற வரைக்கும் கொதிக்கக் கொதிக்க வரும்."

"அப்ப எனக்குச் சம்பளம் வேண்டாம். பாடம் முடிஞ்சதும் ஒரு குளியல் போட்டுட்டுப் போறேன். அது போதும்."

கடைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னைவிட மூத்தவள் தன்னை அக்கா என்றதற்கும் சேர்த்துச் சிரித்தாள். பிறகு விஷயம் மெதுவாக வெளியே வந்தது. அண்ணன் வீட்டில் வெந்நீர் அண்ணியின் சாவிக்கொத்தில் இருந்தது. ஹீட்டர் இருந்த அலமாரிக்குப் பூட்டு. வீட்டில் எல்லாரும் குளித்த பிறகு பூட்டிவிடுவாள். எல்லாரும் என்பதில் நாத்தனார் சேர்த்தி இல்லை.

வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். சலவைக்காரக் குடும்பத்துக்கு வெந்நீர் ஒரு பொருளாகவே பட்டதில்லை. விடிந்ததிலிருந்து பாய்லர் பொங்குகிறது, ஹோட்டல் விரிப்பும் தலையணை உறையும் அதில் புரள்கின்றன, மிஞ்சினது சாக்கடைக்குப் போகிறது. போகிற தண்ணீரில் ஒரு ஆள் குளித்தால் என்ன குறைந்துபோயிற்று? "உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க டீச்சர்" என்று வேறு வாயை விட்டாள். சம்பளம் என்றால் மாசக் கடைசியில் கையில் வைத்ததும் யாருக்கு யாரும் கடன்பட்டவர் இல்லை. வெந்நீருக்கு மாசக் கடைசி ஏது? அது அவளுக்குப் பின்னால்தான் உறைத்தது.

முதலில் வாரத்தில் சில நாள் வந்தவர், தினமும் வரத் தொடங்கினார். பாடத்துக்கு அது நல்லதுதான். ஆனால் பாடம் எத்தனை நேரமோ குளியலும் அத்தனை நேரம். உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தமும் லத்தீன் சத்தமும் கலந்து வரும். "குழாயே பாடம் ஒப்பிக்குது போ" என்றார் கடைக்காரர்.

அவர் சிரிப்பார், அவருக்கென்ன. கடைக்காரிக்கு அந்தச் சாயங்காலக் குளியல் ஒன்றுதான் சொந்தமாக இருந்தது. காலையிலிருந்து நின்றபடி வேலை. இஸ்திரிச் சூடு முகத்தில், கஞ்சி முழங்கை வரைக்கும், ஹோட்டல்காரன் போன்மேல் போன். கடைசிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, தோளில் வெந்நீரை ஊற்றும்போதுதான் அவளுக்கு மூச்சே வரும். உள்ளே இருக்கிற நேரம் யாருக்கும் அவள் அம்மா இல்லை, பெண்டாட்டி இல்லை, கடைக்காரி இல்லை. இப்போது துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வீட்டுக் குளியலறை வாசலில் வரிசையில் நிற்கிறாள். டீச்சர் வெளியே வரும்போது பாய்லரை அணைத்திருப்பார்கள், குழாயில் வெதுவெதுப்புதான் மிச்சமிருக்கும்.

ஒரு நாள் டீச்சரின் சோப்பு வந்தது. பிறகு துண்டு வந்து கொடியில் தொங்கியது. அப்புறம் ஒரு ஜோடி செருப்பு, ஒரு சீப்பு. குளித்த கையோடு ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இருக்கத் தொடங்கினார். அடுப்படியில் உப்பு ஜாடி இடம் மாறியது. "இங்க இருந்தாத்தான் கைக்கு எட்டும் அக்கா" என்றார். இருட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு உப்பை எடுத்துப் போடுகிறவள் கடைக்காரி. இப்போது தன் அடுப்படியில் தடவித் தடவித் தேடினாள். முட்டை பொரித்தால் மஞ்சள் உடையாமல் இருக்க வேண்டும் என்பார் டீச்சர். சூப்பில் மிளகு தூக்கல் என்பார். சொல்வதெல்லாம் அன்பாகத்தான். அதனால்தான் வெடுக்கென்று திருப்பிச் சொல்ல முடியவில்லை.

கடைக்காரர் பாடு இன்னும் மோசம். பனியனோடு அறைக்குள் உலாவின மனுஷன், சட்டைப் பித்தானை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டு தட்டைத் தூக்கிக்கொண்டு பாய்லர் பக்கம் போய்ச் சாப்பிட்டார்.

"வியர்க்குதே, உள்ள வந்து சாப்பிட்டா என்ன?" என்றாள் பெண்டாட்டி.

"உள்ள வந்தா மடம் மாதிரி இருக்கு. மெல்லுற சத்தம் கேட்டாலே திரும்பிப் பாக்கறாங்க."

"ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கட்டுமா?"

"என்னன்னு சொல்லுவே? குளிக்காதீங்கன்னா? சம்பளம்கூட வாங்காம சொல்லித் தர்றாங்க. காசு வாங்கியிருந்தாக்கூட 'இந்தாங்க, போய்ட்டு வாங்க'ன்னு சொல்லலாம்."

"அதான் எனக்கும் தொண்டையில நிக்குது."

"முழுங்கு. பரீட்சை வரைக்கும் முழுங்கு."

இதையெல்லாம் சொந்த வீட்டில் ஒளிந்து, பாய்லர் இரைச்சலுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டார்கள். இதற்கிடையில் மாதிரித் தேர்வில் வக்கீலு வாங்கின மார்க்கைப் பார்த்துத் தலைமையாசிரியையே போன் பண்ணினார். "எங்கம்மா பிடிச்சீங்க அந்த டியூஷன் டீச்சரை? விட்டுடாதீங்க" என்றார்.

அடைமழை பிடித்துக்கொண்டது. எதுவும் காயவில்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, ஹோட்டல் விரிப்புகளைத் தொங்கப் போட்டார்கள். ஈர வாடையும் ஆவியும். விரிப்பை விலக்கினால் புருஷன், இன்னொன்றை விலக்கினால் மகள், அடுத்ததை விலக்கினால் டீச்சர். அப்படி ஒரு மத்தியானம், பெரிய குடையும் பெட்டியுமாகக் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றாள் டீச்சரின் அண்ணி.

"மழையில எதுக்கு தினமும் அலையணும், பாவம். பரீட்சை முடியிற வரைக்கும் இங்கயே படுத்துக்கட்டும்" என்றாள், பெட்டியைக் கவுண்டர்மேல் தூக்கி வைத்து.

"இங்கயா? எங்களுக்கு இருக்கிறதே ஒரு ரூம்தாங்க."

"அவ எங்க வேணா படுத்துக்குவா. மடத்துல பழகினவதானே. எங்கம்மா வந்திருக்காங்க, அவ ரூமை அம்மாவுக்குக் குடுத்துட்டோம்."

"உங்கம்மா எப்பத் திரும்பிப் போவாங்க?"

"வயசானவங்களைப் போய் அப்படிக் கேக்க முடியுமா?" என்று சிரித்தாள் அண்ணி. பெட்டிக்குப் பின்னாலேயே ஒரு அழுக்கு மூட்டையும் கவுண்டரில் ஏறியது. "இதுக்கு அவசரமில்ல. நிதானமா வெளுத்துக் குடுங்க."

வக்கீலு முகத்தை அம்மாக்காரி பார்த்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பெட்டி உள்ளே போயிற்று. ஒரு வாரம் போனதும் ஒரு சாயங்காலம் விரிப்புகளுக்கு நடுவே மகளை இழுத்து வைத்துக் கேட்டாள்.

"உனக்கு எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லு."

"மூச்சு முட்டுதும்மா. தூக்கத்துல புரண்டு படுத்தாக்கூட 'எந்தப் பக்கத்துல நிறுத்தினோம்'னு கேக்கறாங்க. என் தலையணையைக்கூட எடுத்துக்கிட்டாங்க."

"போகச் சொல்லிடட்டுமா?"

"அவங்க போனா நான் தவறிடுவேன்" என்றாள். அவள் அழுதாள். அம்மாக்காரியும் அழுதாள். விரிப்புக்கு அந்தப் பக்கம் டீச்சர் புத்தகத்தைத் திருப்புகிற சத்தம் கேட்டது. அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும் என்று கடைக்காரிக்குத் தெரியும். கேட்கட்டும் என்றும் இருந்தது.

அதற்குப் பிறகு நாட்களை ஓட்டினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தடவை குளியலறைத் தாழ்ப்பாள் திறக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றதில், இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்து ஒரு வாடிக்கைக்காரரின் சட்டைக் காலரைப் பொசுக்கிவிட்டாள் கடைக்காரி. கைப்பழக்கம் வந்த நாளிலிருந்து ஒரு துணியைக் கருக்கியவள் இல்லை. கருகின சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் ஈரத்தலையோடு வந்து, "நான் வேணா அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டுமா அக்கா?" என்றார். "நீங்க ஒண்ணும் கேக்க வேணாம். நீங்க எதையும் தொடாம இருந்தாப் போதும்" என்று முதல் தடவையாக வெடித்தாள். டீச்சர் தலையாட்டிவிட்டுப் போய் மகளோடு உட்கார்ந்தார். அன்று குளியல் சீக்கிரம் முடிந்தது. மறுநாள் பழையபடி நீண்டது.

ஒருவழியாகப் பரீட்சை வந்தது, முடிந்தது. வக்கீலு ஓடி வந்து, "கேட்டதெல்லாம் மிஸ் நடத்தினதும்மா! ஒரு கேள்விகூட விடல!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள், அப்பாவைக் கட்டிக்கொண்டாள், கடைசியில் டீச்சரையும் கட்டிக்கொண்டாள். டீச்சர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

கடைக்காரி காத்திருக்கவில்லை. ஆறப்போட்டால் வாய் வராது என்று அவளுக்கே தெரியும்.

"டீச்சர், நாளைக்கு நானே உங்களை உங்க அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விடறேன்."

"சரி அக்கா" என்றார் டீச்சர். அவ்வளவுதான். ஒரு முனகல் இல்லை, ஒரு சாக்கு இல்லை. இத்தனை மாசம் தொண்டையில் நின்றது இவ்வளவு லேசாக இறங்கும் என்று தெரிந்திருந்தால் எப்போதோ சொல்லியிருக்கலாமே என்று கடைக்காரிக்கு ஆத்திரமாகக்கூட வந்தது.

மறுநாள் தூறலில் இருவரும் நடந்தார்கள். பெட்டியைக் கடைக்காரிதான் தூக்கிக்கொண்டாள். அந்த மட்டும் மரியாதை. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே வந்தாள். பரீட்சை முடிஞ்சுது. ரொம்ப உதவி. உங்க பொண்ணை உங்ககிட்டயே ஒப்படைச்சாச்சு. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். பாய்லரை அணைக்க வேண்டாம் என்று புருஷனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

அண்ணன் வீட்டு வாசலில் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. அண்ணி உள்ளிருந்து வந்தாள். பூட்டைத் தொடவில்லை.

"என்ன, பெட்டியோட?"

அவளுக்குப் பின்னால் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு உள்ளே யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை.

கடைக்காரி வாயைத் திறந்தாள். அதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார்.

"என் புத்தகங்களை எடுத்துட்டுப் போலாம்னு வந்தோம் அண்ணி. அதுக்குத்தான் பெட்டி. அக்கா என்னை அவங்களோடவே இருக்கச் சொல்லிட்டாங்க."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. மகளுக்குப் பாடம் நடத்துகிற அதே குரல். கடைக்காரிக்குக் காதில் விழுந்தது புரியவே ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடிப்பாவி, என் தலையிலா கையை வைக்கிறாய்?

"அப்படிங்களா?" என்று அண்ணி அவளைக் கேட்டாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைத்தானே சொல்ல வந்தாள். பக்கத்தில் டீச்சர் அவளைப் பார்க்கவில்லை. கதவின் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். குடைக் கம்பி முறிந்த பக்கமாகத் தண்ணீர் வழிந்து தோள் நனைந்துகொண்டிருந்தது. இந்த வாசலில் வைத்து இவளை அவமானப்படுத்த என்னால் முடியாது, இது இவளுக்கும் தெரிந்திருக்கிறது, அதுதான் கொடுமை என்று கடைக்காரி நினைத்தாள்.

"ஆமா" என்றாள்.

பூட்டு உடனே திறந்தது. எடுத்துக் கட்ட வேண்டிய வேலைகூட இருக்கவில்லை. புத்தகமெல்லாம் ஏற்கெனவே ஒரு சாக்கில் திணிக்கப்பட்டு, நடையில் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. "நானே அனுப்பி வைக்கலாம்னு இருந்தேன்" என்றாள் அண்ணி. ஆளுக்கொரு பக்கமாகச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பின்னால் பூட்டு மறுபடி விழுந்தது.

தெருமுனை திரும்பியதும் கடைக்காரி பெட்டியையும் சாக்கையும் பொத்தென்று கீழே போட்டாள்.

"என்ன டீச்சர் இது? இது நியாயமா? நான் எப்ப உங்களை இருக்கச் சொன்னேன்?"

"சொல்லல."

"அப்புறம்?"

"அந்த வாசல்ல வேற என்ன சொல்றதுன்னு தெரியல அக்கா. உள்ள விட மாட்டாங்கன்னு அன்னிக்குப் பெட்டி வந்தப்பவே தெரியும். துரத்தினாங்கன்னு இல்லாம நானாப் போனேன்னு இருக்கட்டுமேன்னு நினைச்சேன். நீங்க இங்கயே விட்டுட்டுப் போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"இங்கயே விட்டுட்டுப் போனா எங்க போவீங்க?"

டீச்சர் தெருவை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"எனக்கு உங்களைப் பிடிக்கல டீச்சர்" என்றாள் கடைக்காரி. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "நல்லாக் கேட்டுக்குங்க. என் பொண்ணைக் கரையேத்தினீங்க, அதுக்குக் காலமெல்லாம் கும்பிடுவேன். ஆனா பிடிக்கல. என் வீட்டுல எனக்கு நிக்க இடமில்ல. என் புருஷன் திருடன் மாதிரி ஒளிஞ்சு சாப்பிடறாரு."

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். தெரியாத மாதிரி இருந்தாத்தானே இருக்க முடியும்?"

மழை வலுத்தது. சாக்கின் அடி கறுத்து ஈரம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கடைக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்தச் சாக்கை விட்டுவிட்டு நடக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? இரண்டு எட்டு நடக்கவும் செய்தாள். அப்புறம் திரும்பி வந்து குனிந்து, ஒரு கையில் பெட்டியை எடுத்துக்கொண்டு, மறு கையால் சாக்கின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கத்தைத் தூக்குங்க. நனைஞ்சு தொலையுது."

டீச்சர் தூக்கினார்.

"ஆனா ஒண்ணு. இனிமே சாயங்காலத் தண்ணி எனக்கு. நான் குளிச்சு முடிச்சு, தலை துவட்டி, வெளிய வந்து உக்காந்தப்புறம்தான் நீங்க."

"சரி அக்கா."

"சும்மா சரி சரின்னு சொல்லாதீங்க. அப்பத் தண்ணி ஆறிப்போயிருக்கும்."

"பரவால்ல."

"எனக்குப் பரவாயில்லாம இருந்துச்சா?" என்றாள் கடைக்காரி. சாக்கு கனத்தது. இருவரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, காலடி இடறாமல் இருக்க ஒருத்தி நடைக்கு ஒருத்தி ஈடுகொடுத்து, கடையைப் பார்த்து நடந்தார்கள்.